ஆம்புலன்ஸில் ஒரு பெரும்பான்மை

பதினான்கு மாதத்தில் ஒரு நாடு நாலு பிரதமரைப் பார்த்துவிட்டது என்றால், அங்கே வெட்கம் என்கிற சரக்கு தீர்ந்து வெகுநாளாகிவிட்டது என்று அர்த்தம். லண்டனில் அந்த வருஷம் அப்படித்தான் இருந்தது. முதல் ஆள் பொய் சொன்னான் என்று இறக்கினார்கள். இரண்டாவது வந்தவள் உண்மையைச் சொன்னாள் என்று இறக்கினார்கள். மூன்றாவது ஆள் என்ன சொன்னான் என்று அவன் பெண்டாட்டிக்கே நினைவிருக்காது. நாலாவது ஆள் இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சபையில் பெரும்பான்மை ஒரே ஓட்டு. அந்த ஒரு ஓட்டும் நாடாளுமன்றத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஒரு தனியார் மருத்துவ இல்லத்தின் மாடியில், தொண்டையில் குழாயோடு மல்லாந்து கிடந்தது.

அந்த ஓட்டுக்குப் பெயர் சர் டெரன்ஸ் ஆஷ்கம். எழுபத்திரண்டு வயது, இருபத்தாறு வருஷ எம்.பி. பக்கவாதம் அடித்து நாலு மாசம் ஆகிறது. அவரைக் குளிப்பாட்டி, முதுகு புண்ணாகாமல் மணிக்கொருதரம் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டவள் ஜெபக்கனி. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரி. ஆறு வருஷமாக லண்டனில் நர்ஸ். வேலை செய்துகொண்டே நோயாளியிடம் தமிழில் பேசுவது அவள் பழக்கம். “சார், காலைத் தூக்கும். ஆங், அப்படித்தான். அய்யா பெரிய மனுசன், காலு மட்டும் கோழிக்கால் மாதிரி இருக்கு.” அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் முதல் மாசத்தில் அவள் குரல் கேட்டால் கண்ணைத் திருப்புவார்.

கண்ணைத் திருப்புவது மட்டுமில்லை, பேசவும் செய்தார். தலையில் ஒரு வலைக்குல்லாய், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முடிவில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. வாய்ப்பெட்டி என்று ஜெபக்கனி பேர் வைத்திருந்தாள். ஈஸ்ட் ஹாமில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த ஐந்து நர்ஸுகளுக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டு மாளவில்லை. அவர்களில் மூத்தவள் லில்லி புஷ்பம் ஒருநாள் அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி ஜெபா, அது எப்படித்தான் பேசுது?”

“மூளையில வார கரண்டை எடுத்து வார்த்தையாக்கும் அக்கா. வாய் போனவங்களுக்குன்னு செஞ்சது. கரண்டு குறைஞ்சா, இந்த மனுசன் இந்த இடத்துல என்ன சொல்லுவாருன்னு பழைய பேச்சையெல்லாம் பாத்து அதுவே நிரப்பிக்கும். அவர் குரல்லயே வரும்.”

“நம்ம ஊரு சர்ச் ஐயர் பிரசங்கம் மாதிரின்னு சொல்லு. பாதியில தூங்கிட்டாலும் மீதி என்னன்னு நமக்கே தெரியும்.”

“அதேதான். பெட்டிக்குப் பின்னால சின்னதா ஒரு திரை உண்டு. பேச்சுல நோயாளி எத்தனை, பெட்டி எத்தனைன்னு காட்டும். நான் போன அன்னைக்கு அறுபதுக்கு நாப்பது இருந்துச்சு.”

“இப்போ?”

ஜெபக்கனி வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தினாள். “சைபருக்கு நூறு. ஒம்பது நாளாச்சு.”

லில்லி புஷ்பத்துக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. “அப்போ செத்துட்டாராட்டி?”

“மூளை செத்துட்டு. மூச்சை மிஷின் இழுக்கு. கண்ணுல டார்ச் அடிச்சேன், அசையல. நகத்தை அழுத்துனேன், ஒண்ணுமில்ல. டாக்டர்ட்ட சொன்னா, ‘காலையில் அவர் என்னோடு பேசினாரே’ங்கான். அவன் கட்சி வச்ச டாக்டர்.”

அவன் சொன்னதிலும் சட்டப்படி தப்பில்லை. பெட்டி மூலம் பேசுகிறவர் பேசுகிறவரே, பேசுகிறவரை உயிரோடிருக்கிறாரா என்று சோதிக்கத் தேவையில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வாய் போன ஏழை எளியவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று போட்ட நல்ல சட்டம். நல்ல சட்டம் ஒன்று கிடைத்தால் இந்தக் கூட்டம் சும்மா விடுமா?

ஒன்பது நாளாக அந்தப் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. பத்திரிகைக்கு மூன்று பேட்டி. தொகுதிக்கு ஒரு வாழ்த்து. ஒரு மந்திரி வந்து அரைமணி நேரம் ஆலோசனை கேட்டு, தெளிவு பிறந்த முகத்தோடு போனான். ஒருத்தனுக்காவது சந்தேகம் வரவேண்டுமே? “ஒன்றை நான் மிகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்” என்று பெட்டி ஆரம்பிக்கும். “கடினமான முடிவுகளிலிருந்து நாம் பின்வாங்க மாட்டோம்” என்று முடிக்கும். நடுவில் ஒன்றுமே இருக்காது. இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் பேசியதே அதுதான் என்னும்போது, செத்ததற்கும் சாகாததற்கும் வித்தியாசம் எவனுக்குத் தெரியும்? த்தூ!

ஜெபக்கனிக்கு மட்டும் தெரிந்தது. ஏனென்றால் ஆரம்பத்தில், அந்த அறுபது பங்கு உயிரோடிருந்தபோது, அவர் வேறு மாதிரி பேசினார். டீ ஆறிப்போச்சு என்பார். ஜன்னலைத் திற என்பார். ஒருநாள் காரணமே இல்லாமல் “எங்க அம்மா ஒரு பச்சைக் கோட்டு வைத்திருந்தாள்” என்றார். அது எந்தச் சபைக் குறிப்பிலும் கிடையாது. அந்த மாதிரிப் பேச்சு நின்று ஒன்பது நாள் ஆனது. அந்தக் கட்சிக்காரனைப் பிடிக்காதுதான் அவளுக்கு, ஆனால் பச்சைக் கோட்டை நினைத்த மனுஷனுக்காக ஜன்னலைத் தினமும் திறந்து வைத்தாள்.

அவர் மனைவி மார்லின் தினமும் மத்தியானம் வந்து ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவள் கட்டிலோரம் குனிந்து, “டெரன்ஸ், நம் கல்யாண நாள் இன்றைக்கு” என்றாள். பெட்டி, “இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு நன்றி” என்றது.  மார்லின் நிமிர்ந்து, “அவர் என்னிடம் எப்போதும் இப்படித்தான் பேசுவார்” என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு மசோதா ஓட்டுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே தங்கும் உரிமை கேட்க, ஐந்து வருஷம் போதும் என்று இருந்ததைப் பதினைந்து என்று ஆக்கும் மசோதா. இடையில் வேலை போனால் உரிமையும் போகும். கொரோனா மாதிரி அடுத்த நோய் வந்தால் வாசலில் நின்று கைதட்டுவார்கள், அது முடிந்ததும் வாசலைக் காட்டுவார்கள். ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஆறு பேருக்கும் இதில் தலை போகிற விஷயம். ஜெபக்கனியின் மனு மூன்று மாதமாக உள்துறை ஆபீஸ் மேஜையில் கிடந்தது, மற்ற ஐந்து பேருக்கு இன்னும் சில மாதங்களே பாக்கி. மசோதா தேறுவதற்குக் கிடக்கிற ஒரே ஓட்டு அவள் புரட்டிப் போடுகிற சர் டெரன்ஸ். கடவுளின் வேடிக்கைக்கு ஒரு அளவு வேண்டாமா?

புதன்கிழமை காலை அரசுக் கொறடா ஹ்யூகோ ட்ரென்ச் வந்தான். கட்சி எம்.பி.க்களை மந்தை சேர்த்து ஓட்டுக்கு ஓட்டுகிற உத்தியோகம் அவனுக்கு. நாற்பது வயது, முகத்தில் சவரம் செய்த பளபளப்பு, குரலில் வெண்ணெய்.

“நாளைக்கு அவரை ஆம்புலன்ஸில் சபை முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள், சிஸ்டர். எங்கள் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. நோயாளி உறுப்பினர் முற்றம்வரை வந்துவிட்டால் போதும். இரண்டு கட்சிக் கொறடாக்களும் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று தலையசைத்தால் ஓட்டு எண்ணப்படும்.”

“ஆள் இல்லையே சார்” என்றாள் ஜெபக்கனி. பெட்டியைத் திருப்பித் திரையைக் காட்டினாள்.

அவன் திரையைப் பார்க்கவேயில்லை. “பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் எனக்குப் போன வாரமே சொல்லிவிட்டார். நான் கேட்பது வேறு. எதிர்க்கட்சிக் கொறடா கூப்பிட்டால் பதில் வருமா, வராதா?”

“வரும். அது பெட்டி சொல்லுகிற பதில்.”

“நல்லது.” கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். “உள்துறை மந்திரியின் கையெழுத்து. உங்களுக்கு நிரந்தர உரிமை. மசோதா என்ன ஆனாலும் உங்களைத் தொடாது. அந்த எதிர்க்கட்சிக் கொறடா அம்மாள் கேட்டால், நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்று நர்ஸாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.”

“என்னோடு வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள்.”

“எனக்கு ஒரு ஓட்டுதான் வேண்டும் சிஸ்டர். அதனால் ஒரு ஆளுக்குத்தான் கடிதம்” என்று சிரித்தான். அறையை விட்டுப் போகும்போது சர் டெரன்ஸின் தோளைத் தட்டி, “நாளைக்குப் பார்ப்போம், டெரன்ஸ்” என்றான். பெட்டி, “உங்கள் பக்கம் முழு மனதோடு நிற்கிறேன்” என்றது. அவன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

உறையை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளவில்லை என்று பெருமைக்குச் சொல்லலாம், பொய். பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை திறந்து பார்த்தாள். ஆறு வருஷக் கஷ்டம் ஒரு தாளில் நாலு வரியாக இருந்தது. வீட்டுக்குப் போனால் லில்லி புஷ்பம் எல்லோருக்கும் சேர்த்து நெத்திலி வறுத்து வைத்திருந்தாள். “அந்த மசோதா தோத்துரும்ட்டி, எதிர்க்கட்சிக்காரங்க எல்லாரும் எதிர்த்து ஓட்டுப் போடுதாங்களாம், டிவியில சொன்னான்” என்றாள். ஜெபக்கனி கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிருதேன் அக்கா” என்றாள். லில்லி புஷ்பத்துக்கு எதைப் பற்றி என்று புரியவில்லை. புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு ஆம்புலன்ஸ் சபை முற்றத்தில் நின்றது. நாலு இருபத்துநாலுக்கு ஓட்டு மணி அடித்தது. எட்டு நிமிஷம் அடிக்கும், அதற்குள் எல்லோரும் ஓட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தாள். கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடுகிறவனும், எதற்கு ஓட்டு என்று பக்கத்திலிருப்பவனைக் கேட்கிறவனுமாக ஒரு நாட்டின் தலையெழுத்து படியேறிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் ஒரு வேலை செய்தாள். வாய்ப்பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு அணைத்துவிட்டாள்; கணக்குக் காட்டும் சின்னத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. ஹ்யூகோ ட்ரென்ச் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் எதிர்க்கட்சிக் கொறடா பெரில் ஓக்ஸ். அறுபது வயசு, குட்டை முடி, தட்டையான செருப்பு. பஸ் கண்டக்டர் மகள், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவள் என்று பத்திரிகைகள் எழுதும். அவளைப் பார்த்ததும் ஜெபக்கனிக்கு நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கியது. இவள் நம்ம ஆள் என்று தோன்றியது.

“டெரன்ஸ், நான் பெரில். கேட்கிறதா?” என்றாள்.

ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மிஷின் மட்டும் புஸ் புஸ் என்றது.

“யோசிக்கிறார்” என்றான் ஹ்யூகோ.

“யோசிக்கவில்லை மேடம்” என்றாள் ஜெபக்கனி.  “இவர் மூளை இறந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இதுவரை பேசினது பெட்டி. அதை நான் அணைத்துவிட்டேன். திரையைப் பாருங்கள். கண்ணில் விளக்கு அடித்துப் பாருங்கள். நீங்கள் தலையசைக்காவிட்டால் ஓட்டு சமமாகி, வழக்கப்படி மசோதா தோற்றுவிடும்.”

பெரில் ஓக்ஸ் குனிந்து திரையைப் படித்தாள். நோயாளி சைபர். நிமிர்ந்து ஹ்யூகோவைப் பார்த்தாள். அவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் பேர் என்னம்மா?”

சொன்னாள்.

“உனக்குத் தைரியம் அதிகம். ஆனால் நீ கணக்கைப் பாதிதான் போட்டிருக்கிறாய். இந்த மசோதா இன்றைக்குத் தோற்றால் அரசாங்கம் விழும். விழுந்தால் தேர்தல். தேர்தல் வந்தால் நாங்கள் ஜெயிப்போம்.”

“நல்லதுதானே மேடம்?”

“நல்லதா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் கிடக்கிறார்கள், ரயில் ஓடவில்லை, எவனும் எவனையும் நம்பவில்லை. இதை எவள் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள்? இன்னும் ஒரு வருஷம் இவர்களே கிடந்து நாறட்டும். இந்த மாதிரிச் சட்டத்தையும் இவர்களே போடட்டும். நாங்கள் வந்து, ‘ஐயோ, போன ஆட்சி போட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது’ என்போம்.”

“நீங்கள் எல்லோரும் எதிர்த்துத்தானே ஓட்டுப் போடுகிறீர்கள்?”

“கட்டாயம். ரொம்ப ஆவேசமாகப் போடுகிறோம். ஒரு ஓட்டில் தோற்பது லேசான வேலை என்று நினைத்தாயா? எங்கள் பக்கத்து ஆள் கணக்கை நான் காலையிலிருந்து மூன்று தடவை எண்ணியிருக்கிறேன்.” ஹ்யூகோவின் பக்கம் திரும்பினாள். “டெரன்ஸ் நன்றாகத் தெரிகிறார். நிறம்கூடத் திரும்பியிருக்கிறது.”

தலையசைத்தாள். அவனும் அசைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள், சோறுகூட இல்லாமல் மறைப்பதை அன்றைக்குத்தான் ஜெபக்கனி பார்த்தாள். அணைந்த பெட்டியை எவனும் மறுபடி போடக்கூடச் சொல்லவில்லை. நாலு முப்பத்திரண்டுக்குச் சர் டெரன்ஸ் ஆஷ்கமின் ஓட்டு குறிப்பேட்டில் ஏறியது. மசோதா ஒரு ஓட்டில் தேறியது. உள்ளேயிருந்து, “வெட்கக்கேடு! வெட்கக்கேடு!” என்று எதிர்க்கட்சி போட்ட கூச்சல் முற்றம்வரை கேட்டது.

அவள் ஹ்யூகோவின் உறையை எடுத்து அவன் கண்முன்னே நாலாகக் கிழித்தாள். “நாசமாப் போவீங்க ரெண்டு பேரும்” என்றாள் தமிழில். அவனுக்குப் புரிந்திருக்கும்.

மருத்துவ இல்லத்துக்குத் திரும்பியதும் நோயாளிக் குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அன்று மார்லினைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். மார்லின் அழவில்லை. கணவனின் பாதத்தைப் போர்வைக்கு வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தாள். “கல்யாண நாள் அன்றைக்கும் இவர் இல்லையா?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றாள் ஜெபக்கனி. மறுநாள் மார்லின் தன் சொந்த டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் பரிசோதித்துவிட்டு மூச்சு மிஷினை நிறுத்தினார். பன்னிரண்டு நிமிஷத்தில் இருதயமும் நின்றது. உடல் பிணவறைக்குப் போனது. வாய்ப்பெட்டியைக் கட்சி ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே ஜெபக்கனிக்கு வேலை போனது. மேல்சபை முன்னமே ஒப்புக்கொண்டிருந்ததால், சட்டமும் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு, இறப்பைப் பதிய மார்லினும் ஜெபக்கனியும் பதிவாளர் ஆபீஸுக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மரியாதையான மனிதர். டாக்டர் சான்றிதழை வாங்கி, பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

“மன்னிக்கவும், திருமதி ஆஷ்கம். பதிய முடியவில்லை. போன வியாழன் நாலு முப்பத்திரண்டுக்கு உங்கள் கணவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். அதற்கு முன்னாலேயே இறந்துவிட்டதாக இந்தச் சான்றிதழ் சொல்கிறது. சபைக் குறிப்பேட்டை எந்த நீதிமன்றமும் ஆபீஸும் கேள்வி கேட்கக் கூடாது. முந்நூறு வருஷத்துக்கு மேலான சட்டம்.”

“சரி, மூளை இறந்த நாளை விடுங்கள். மூச்சு நின்றது வெள்ளிக்கிழமை. அதைப் பதியுங்கள்” என்றாள் மார்லின்.

குமாஸ்தாவின் காது சிவந்தது. “அதுவும் முடியாது. இன்றைக்கு மதியம் ஒன்று எட்டுக்கும் அவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். முற்றத்தில், ஆம்புலன்ஸிலிருந்து.”

“அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து பிணவறையில் இருக்கிறார்!” என்றாள் ஜெபக்கனி.

“பெட்டி வந்ததாம். பேசியதாம். பேசுகிறவர் பேசுகிறவரே என்று…” அவர் சொல்லி முடிக்கவில்லை. அவருக்கே நா கூசியது.

மார்லின் கண்ணாடிமேல் நெற்றியைச் சாய்த்தாள். “அப்படியானால் நான் யாரைப் புதைப்பது?” என்றாள்.  ஜெபக்கனி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “இறக்கும்போது கூட இருந்த நர்ஸ் நான். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்” என்றாள்.

குமாஸ்தா அவளுடைய அடையாள எண்ணை வாங்கித் தட்டினார். இந்தத் தடவை வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

“உங்கள் வாக்குமூலத்தையும் எடுக்க முடியாது அம்மா. புதுச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு. வேலை போன நிமிஷத்திலிருந்து நீங்கள் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டதாகக் கருதப்படுவீர்கள். போன வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெளியேறிவிட்டீர்கள் என்று இருக்கிறது. வெளியேறியவர்களின் எண்ணிக்கையில் சேர்த்தாகிவிட்டது. பிரதமர் நேற்று அந்த எண்ணிக்கையைச் சபையில் அறிவித்தும்விட்டார்.”

“நான் உங்கள் முன்னால் நிற்கிறேனே.”

“தெரிகிறது அம்மா.” அவர் குரல் இறங்கிவிட்டது. “தயவுசெய்து நீங்கள் இடத்தைக் காலி செய்தால் நன்றாக இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது.”

ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான்தான் வெள்ளிக்கிழமையே போய்விட்டேனே” என்றாள். “போனவளை எப்படி வெளியே அனுப்புவீர்கள்? அனுப்புங்கள், பார்ப்போம்.”

மார்லினும் ஒரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.